மெதுவா சொல்லுங்க, அது என் உடம்பு

போன வாரம் ஒரு லேபுக்குத் துணைக்குப் போயிருந்தேன். (யாருக்குத் துணை, என்ன டெஸ்ட்டுன்னு இங்க எழுத மாட்டேன். ஏன்னு படிச்சா புரியும்.)

காலை நேரம். வெறும் வயித்தோட ஒரு கூட்டம் உக்காந்திருக்கு. கவுண்டர்ல ஒரு தம்பி ரிப்போர்ட் கட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கூப்பிடறார். முதல்ல பேரு. கூடவே டெஸ்ட். "தைராய்டு, வாங்க." "கொலஸ்ட்ரால், வாங்க." நல்ல கணீர்னு குரல்.

அடுத்து ஒரு பேரு சொல்லிட்டு, "செமன் டெஸ்ட் கொடுத்தது யாரு சார்?"

அத்தனை தலையும் நிமிர்ந்துச்சு. முப்பது வயசு இருக்கும், ஒருத்தர் எந்திரிச்சு வந்தார். கவரை வாங்கினார். பிரிச்சுக்கூடப் பாக்கல. விறுவிறுன்னு வெளிய போயிட்டார். அவர் வாசல் தாண்டற வரைக்கும் ஹால் மொத்தமும் அவரையே பாத்துட்டிருந்துச்சு.

எனக்கு வயிறு எரிஞ்சுது.

கூட்டம் குறைஞ்சதும், அங்க பொறுப்புல இருந்த அம்மாகிட்ட போய்ப் பேசினேன். பொறுமையாத்தான் பதில் சொன்னாங்க. "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பாங்க சார். மாத்திக் கொடுத்துட்டா பெரிய வம்பாயிடும். அதான் டெஸ்ட்டையும் சேர்த்துச் சொல்றோம்." நியாயமான கவலை. அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க: "ரகசியம் காக்கறதெல்லாம் டாக்டருங்க விஷயம் சார். நாங்க கவுண்டர்தானே?"

கெட்ட மனசோட சொல்லல. நிஜமாவே அப்படித்தான் நம்பறாங்க. வீட்டுக்கு வந்து சட்டங்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படிக்க உக்காந்தேன். படிக்கப் படிக்க ஒண்ணு தெளிவாச்சு. அந்தம்மா சொன்னதுல முக்கால்வாசி சரி! நம்ம ஊர்ச் சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு. அதுக்கப்புறம் என் கோபம் லேபை விட்டு இடம் மாறிடுச்சு.

சரி, முதல்ல டாக்டருங்க கதை.

டாக்டர்களோட நடத்தைக்குன்னு இந்திய மருத்துவ கவுன்சில் 2002-ல விதிகள் போட்டது. இன்னிக்கும் ஓடறது அதுதான். (2023-ல தேசிய மருத்துவ ஆணையம் புதுசா ஒண்ணு கொண்டு வந்துச்சு. கொண்டு வந்த அதே மாசம் நிறுத்தி வெச்சுட்டாங்க.) தொழில் செய்யும்போது நோயாளியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்ட ரகசியத்தை டாக்டர் வெளிய சொல்லக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. விலக்கு மூணே மூணு. நீதிபதி உத்தரவு போட்டா சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு ஆளுக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து இருந்தா சொல்லலாம். அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும்னு இருக்கற நோயா இருந்தா, அதிகாரிகள்கிட்ட சொல்லணும். (காசநோய் 2012-லேர்ந்து இந்த வகை. தெரிவிக்க வேண்டியது சுகாதாரத் துறைக்கு. பக்கத்து வீட்டுக்கு இல்ல.)

நோயாளியோட போட்டோவை, அடையாளம் தெரியற மாதிரி, அவர் சம்மதம் இல்லாம மருத்துவ இதழ்லகூடப் போடக்கூடாதுன்னும் இருக்கு. நல்ல விதிதான்.

மீறினா? மாநில மருத்துவ கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். பதிவேட்டுலேர்ந்து அந்த டாக்டரோட பேரைக் கொஞ்ச நாளைக்கோ நிரந்தரமாவோ எடுத்துடலாம். ஆனா கவுண்டர்ல உக்காந்திருக்கற தம்பி பேரு அந்தப் பதிவேட்டுல கிடையாது. லேப் ஓனர் டாக்டர் இல்லேன்னா அவர் பேரும் கிடையாது.

ஒரு ரிப்போர்ட் யார் யார் கை மாறுதுன்னு யோசிச்சுப் பாருங்க. ரத்தம் எடுக்கற சிஸ்டர். சாம்பிளைத் தூக்கிட்டுப் போற பையன். டெக்னீஷியன். கம்ப்யூட்டர்ல அடிக்கறவர். கவுண்டர். வாட்ஸப்ல அனுப்பறவர். இன்சூரன்ஸ் டெஸ்க். கிளெய்ம் பாக்கற இடைநிலை கம்பெனி. மருந்துக்கடை. டாக்டர் ரூம் வாசல்ல ஃபைல் அடுக்கற அக்கா. இத்தனை பேர் நடுவுல, மருத்துவ கவுன்சிலுக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர் டாக்டர் ஒருத்தர்தான். ரகசியம் கசியறது பெரும்பாலும் அவர் ரூமுக்கு வெளிய.

இதை மாத்தி எழுதின ஒரு சட்டம் நம்ம நாட்டுல இருக்கு. அதைப் பத்திப் பேசாம நகர முடியாது.

அது எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லணும். கோவா, 1989. டொமினிக் டிசோசான்னு ஒரு இளைஞர். அடிக்கடி ரத்த தானம் செய்யறவர். அப்படிக் கொடுத்த ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்கறது தெரிஞ்சுது. அவர்கிட்ட தனியா உக்காந்து பேசினாங்களா? இல்ல. போலீஸ் வந்துச்சு. கூட்டிட்டுப் போய் ஒரு பழைய சானடோரியத்துல அடைச்சு வெச்சாங்க. கோவா பொதுச் சுகாதாரச் சட்டம் அப்போ அதுக்கு இடம் கொடுத்துச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல உள்ள இருந்தார். அவரோட அம்மா லூசி டிசோசா கோர்ட்டுக்குப் போனாங்க. வழக்கு அவங்க பேர்லதான் பதிவாகியிருக்கு. பம்பாய் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. டொமினிக் 1992-ல இறந்துட்டார்.

ரத்தம் கொடுக்கப் போன மனுஷன். இதை எத்தனை தடவை படிச்சாலும் ஆறல.

அடுத்தது நம்ம சென்னை. 1995-ல நாகாலாந்துலேர்ந்து ஒரு டாக்டர், உறவினரோட ஆபரேஷனுக்காக இங்க வந்தார். ரத்தம் கொடுத்தார். டெஸ்ட்ல எச்.ஐ.வி.ன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. விஷயம் வெளிய போச்சு, கல்யாணம் நின்னுது, ஊரே ஒதுக்கி வெச்சுது. சொந்த ஊரை விட்டுட்டுச் சென்னைக்கே குடி வந்துட்டார். ஆஸ்பத்திரி ரகசியத்தைக் காக்கலைன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். தீர்ப்புல அவர் பேரு 'மிஸ்டர் எக்ஸ்'. ஆஸ்பத்திரி பேரு 'இசட்'.

1998-ல தீர்ப்பு அவருக்கு எதிரா வந்துச்சு. அந்தரங்க உரிமை முழுமையானது இல்ல, கட்டிக்கப்போற பொண்ணோட உயிரும் ஆரோக்கியமும் பெருசுன்னு சொன்னாங்க. அதோட நிக்காம, நோய் குணமாகற வரைக்கும் அவரோட கல்யாண உரிமையே நிறுத்தி வெக்கப்பட்ட உரிமைன்னும் சொல்லிட்டாங்க. 2002-ல மூணு நீதிபதிகள் பெஞ்ச், கல்யாணம் பத்தின அந்தப் பேச்சு அந்த வழக்குக்குத் தேவையே இல்லாததுன்னு சரி பண்ணுச்சு.

இங்க என் கருத்தைச் சொல்லிடறேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சே ஆகணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா யார் சொல்லணும், யார்கிட்ட சொல்லணும், எப்படிச் சொல்லணும்? இதுக்குப் பதில் இல்லாம "சொல்லலாம்"னு மட்டும் தீர்ப்பு வந்தா, அடுத்த நாளே ஊர் முழுக்கச் சொல்லிடுவாங்க.

அந்தப் பதில் 2017-ல வந்துச்சு. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டம் இது.

துணைக்குத் தெரிவிக்கறதை எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க. டாக்டரோ கவுன்சிலரோ மட்டும்தான் சொல்லலாம். முதல்ல நோயாளியையே சொல்லச் சொல்லி ஆலோசனை கொடுத்திருக்கணும். அவர் சொல்ல மாட்டார்னு உறுதியாகணும். "நான் சொல்லப்போறேன்"னு நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்கணும். துணைகிட்டயும் நேர்ல, ஆலோசனையோடதான் சொல்லணும். விஷயம் தெரிஞ்சா அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவாங்கன்னு பயம் இருக்கற பொண்ணுங்களுக்குத் தனிப் பாதுகாப்பும் வெச்சிருக்காங்க. சட்டம் எழுதினவங்க நம்ம வீடுகளைப் பாத்து எழுதியிருக்காங்க.

இன்னொண்ணுதான் முக்கியம். இதுல கடமை டாக்டருக்கு மட்டும் இல்ல. நம்பிக்கையில சொன்ன விஷயத்தை "எந்த நபரும்" வெளிய விடக்கூடாது. நோயாளி சம்மதிச்சா அந்தச் சம்மதம் எழுத்துல இருக்கணும். இந்தத் தகவலை வெச்சிருக்கற ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பாதுகாக்க ஏற்பாடு பண்ணியே ஆகணும். கோர்ட்டுக்குப் போனாக்கூடப் பேரை மறைச்சு வழக்கு நடத்தலாம். வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் கேக்கறதும் தடை.

நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை நடக்கற இடத்துக்கு 'நம்பிக்கை மையம்'னு போர்டு இருக்கும், பாத்திருப்பீங்க. அந்த நம்பிக்கை இல்லேன்னா ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க. டெஸ்ட் எடுக்க மாட்டாங்க. மருந்து போய்ச் சேராது. நோய் ஓசையில்லாம பரவும். 1986-ல இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடிச்சது சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அன்னியிலேர்ந்து சட்டம் வர 31 வருஷம் ஆயிருக்கு. நடுவுல எத்தனை டொமினிக்!

மனநலத்துக்கும் 2017-ல ஒரு சட்டம். சிகிச்சை கொடுக்கற எல்லாரும் ரகசியம் காக்கணும், சம்மதம் இல்லாம மீடியாவுக்குப் போட்டோ கொடுக்கக்கூடாது, மீறினா முதல் தடவை ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா அபராதம், ரெண்டும்கூட. கருக்கலைப்புச் சட்டத்துல 2021-ல ஒரு பிரிவு சேர்த்தாங்க. அந்தப் பொண்ணோட பேரை டாக்டர் வெளிய விட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போகலாம். (பதினெட்டு வயசு முடிஞ்ச பொண்ணுக்கு இதுல புருஷன் கையெழுத்து தேவையே இல்ல. இன்னும் நிறைய இடத்துல கேக்கறாங்க. கேக்கச் சட்டத்துல இடம் இல்ல.)

ஆக, எச்.ஐ.வி.க்குச் சட்டம் இருக்கு. மனநலத்துக்கு இருக்கு. கருக்கலைப்புக்கு இருக்கு.

மூலம் வந்தவருக்கு? மார்பகத்துல கட்டின்னு பயந்து போன அக்காவுக்கு? வலிப்பு இருக்கற, கல்யாண வயசுப் பையனுக்கு? அந்த லேப்ல தலை குனிஞ்சு போனாரே, அவருக்கு?

தனிச் சட்டம்னு ஒண்ணு இல்ல.

நோயைப் பாத்துச் சட்டம் பிரிச்சு வெச்சிருக்கோம். ஆனா அவமானம் நோயைப் பாத்துப் பிரிஞ்சு வர்றதில்லையே. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அது மாறும். ஒரு வீட்டுல சுகர் சாதாரணம். இன்னொரு வீட்டுல அதே சுகர், பொண்ணுக்கு வந்த வரனை நிறுத்திடும். எது ரகசியம்னு முடிவு பண்ண வேண்டியது அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்.

கொரோனா நேரம் ஞாபகம் இருக்கா? வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனாங்க. பால்காரர் வர மாட்டார், எதிர்வீட்டு ஜன்னல் திறக்காது. 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல உரிய அதிகாரி உத்தரவு இல்லாம அப்படி ஒட்டக்கூடாதுன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள முதல் அலையே அடங்கிடுச்சு. அரசே ஒட்டும்போது, லேப் தம்பி கத்தறதை யார் தப்புன்னு சொல்லுவாங்க?

"இப்போதான் தனிநபர் தரவுச் சட்டம் வந்துடுச்சே"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். வந்திருக்கு. 2017 ஆகஸ்ட் 24, ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு புட்டசாமி வழக்குல சொன்னாங்க. அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு, 2023-ல சட்டம். 2025 நவம்பர்ல விதிகள். முக்கியமான கடமைகளுக்கு அப்போலேர்ந்து 18 மாசம் அவகாசம்.

அதுல நல்லது இருக்கு. பொறுப்பு தனி டாக்டர் மேல விழாம நிறுவனத்து மேல விழுது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லேன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்ல ஹேக்கர்கள் சர்வர்களை முடக்கினாங்களே, பல நாள் பேனாவும் பேப்பருமா ஆஸ்பத்திரி ஓடுச்சே, அந்த மாதிரி விஷயத்துக்கு இது பல் உள்ள சட்டம்.

குறை எங்கன்னா, இது டிஜிட்டல் தகவலுக்கு மட்டும். கையால எழுதின ரிஜிஸ்டர், மேசை மேல திறந்து கிடக்கற கேஸ் ஷீட், கட்டில் தலைமாட்டுல தொங்கற அட்டை, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாத வரைக்கும் இதுக்குள்ள வராது. நம்ம ஆஸ்பத்திரிகள்ல பாதி வாழ்க்கை அங்கதான் இருக்கு! அடுத்து, அபராதம் போகறது அரசு கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. அலட்சியமா தகவலைக் கசிய விட்ட நிறுவனத்துகிட்ட நஷ்டஈடு கேக்க தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 43ஏன்னு ஒரு பிரிவு உண்டு. அந்த 18 மாச அவகாசம் முடியும்போது அதையும் இந்தப் புதுச் சட்டம் எடுத்துடும். மூணாவது, உடல்நலத் தகவலுக்குன்னு தனி இடமே கிடையாது. உங்க ஃபோன் நம்பரும் உங்க பயாப்ஸி ரிசல்ட்டும் ஒரே தட்டுல.

வெளிநாட்டுல எப்படின்னா, அமெரிக்காவுல 1996-லயே ஹிப்பான்னு சட்டம் போட்டாங்க. ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், அவங்களுக்கு வேலை செஞ்சு கொடுக்கற கம்பெனி எல்லாரையும் கட்டுது. 2010-ல அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாத்த ஒருத்தருக்கு நாலு மாசம் ஜெயில். வித்தாரா, பரப்பினாரா? இல்ல. தேவையில்லாம நோயாளிகளோட ரெக்கார்டைத் திறந்து *பாத்தார்*. அவ்வளவுதான். வெறுமனே பாக்கறதும் குத்தம்னு அங்க ஒரு கோடு போட்டிருக்காங்க.

இப்போ வீட்டுக்குள்ள வருவோம். (இது பல பேருக்குப் பிடிக்காது. பரவாயில்ல.)

நம்ம ஊர்ல ரிப்போர்ட் முதல்ல போறது நோயாளிகிட்ட இல்ல, கூட வந்த பெரியவர்கிட்ட. மருமகளோட ஸ்கேனை மாமியார் வாங்கிப் படிக்கறாங்க. அப்பாவுக்குக் கேன்சர்னு பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அன்பாலதான் பண்றோம், நானும் அந்த அன்புக்குள்ள வளந்தவன்தான். ஆனா யாருக்குச் சொல்லணும்னு நோயாளியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே? "டாக்டர்கிட்ட நான் கூட வரட்டுமா, தனியா பேசறீங்களா?" இவ்வளவு கேட்டாப் போதும்.

ஆபீஸ்ல வருஷா வருஷம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பண்ணி வெக்கறாங்க. ரிப்போர்ட் நேரா எச்.ஆர். மெயிலுக்குப் போகுது. என் ரத்தத்தோட கதை என் மேனேஜருக்கு எதுக்கு?

நான் செஞ்சு பாத்ததைச் சொல்றேன், எது பலிக்குது எது பலிக்கலைன்னு.

கவுண்டர்ல போய்ச் சட்டப் பிரிவு நம்பர் சொன்னா பலிக்கறதில்ல. ஊழியர் பயந்து முறைக்கறார், வேலை நடக்காது. சண்டை போட்டா இன்னும் மோசம், கூட்டம் நம்மளையே பாக்கும். பலிக்கறது இதுதான்: பில் போடும்போதே, "ரிப்போர்ட் வந்தா நம்பர் மட்டும் சொல்லுங்க, கவரை ஒட்டிக் கொடுங்க"ன்னு கேக்கறது. பெரும்பாலும் செய்யறாங்க. மாறிடுமோன்னு பயந்தா பில் நம்பரையும் வயசையும் சரி பாத்துக்கலாம். டெஸ்ட் பேரைக் கத்தத் தேவையே இல்ல. எச்.ஆர். விஷயத்துல, "எனக்கு மட்டும் அனுப்புங்க"ன்னு செக்கப் படிவத்துலயே எழுதிக் கொடுத்தேன். அனுப்பினாங்க. டாக்டர் ரூம்ல அடுத்த பேஷண்ட் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருந்தா, "ஒரு நிமிஷம் தனியா பேசணும் டாக்டர்"னா போதும். எந்த டாக்டரும் மறுத்து நான் பாக்கல.

நல்லபடியா கேட்டும் கேக்கலைன்னா? நுகர்வோர் நீதிமன்றம். காசு வாங்கற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இன்னொரு வரி இருக்கு. நம்பிக்கையில கொடுத்த சொந்தத் தகவலை, சட்டம் சொல்லாம, வேற ஆளுக்குச் சொல்றது நியாயமில்லாத வணிக நடைமுறை. டிஜிட்டலா, பேப்பரா, டாக்டரா, கவுண்டரான்னு பேச்சே இல்ல. நஷ்டஈடும் உங்க கைக்கு வரும். இந்த வரியை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். (ஆனா எல்லாருக்கும் இலவசமா பாக்கற அரசு ஆஸ்பத்திரி இதுக்குள்ள வராது. ரொம்ப நேரம் க்யூவுல நிக்கற ஏழைக்குத்தான் பாதுகாப்பு ரொம்பக் குறைச்சல். இதுதான் என்னை அதிகமா உறுத்துது.)

2018-ல மத்திய சுகாதார அமைச்சகம் டிஷான்னு ஒரு வரைவு வெளியிட்டுச்சு. உடல்நலத் தகவலுக்குன்னே தனிச் சட்டம், தகவல் நோயாளிக்குச் சொந்தம்னு எழுதியிருந்தாங்க. பொதுவான தரவுச் சட்டம் வருதேன்னு அது அப்படியே நின்னு போச்சு. அதை மறுபடி எடுக்கணும். பேப்பருக்கும் பேச்சுக்கும் சேர்த்து எழுதணும். வாட்ச்மேன்லேர்ந்து முதலாளி வரைக்கும் கட்டணும். அரசு ஆஸ்பத்திரியையும் சேர்த்துக் கட்டணும். நஷ்டஈடு நோயாளி கைக்கு வரணும். எச்.ஐ.வி. சட்டத்துல இதுல பாதியை ஏற்கெனவே செஞ்சு காமிச்சுட்டாங்க. ஒரு நோய்க்கு முடிஞ்சது எல்லா நோய்க்கும் முடியும்.

சட்ட வரைவு போட்டா அரசு மக்கள்கிட்ட கருத்து கேக்கும். கம்பெனிகளும் வக்கீல்களும் எழுதுவாங்க. ஆஸ்பத்திரி பெஞ்சுல காத்துக்கிடந்தவங்களும் எழுதணும், தமிழ்லயே எழுதணும். காத்திருக்கவும் வேண்டாம். டிஷாவைத் திரும்ப எடுக்கச் சொல்லி என் தொகுதி எம்.பி.க்கும் சுகாதார அமைச்சகத்துக்கும் இந்த வாரமே கடிதம் போடறேன். உங்க தொகுதியிலேர்ந்து நீங்களும் ஒண்ணு போடுங்க.